வீட்டில் டிரம் பதிவு: சாமான் வாங்கும்போது காசு வீணாகும் இடங்கள்

போன மாதம் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மூன்று பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு பெரிய பெட்டி, உள்ளே யூஎஸ்பி மிக்சர்: பல மைக்கின் சத்தத்தைக் கலந்து லேப்டாப்புக்கு அனுப்பும் சாமான். கொழும்புக்குப் போய் வாங்கி, பதுளை ரயிலில் இருக்கை கிடைக்காமல் நின்றபடியே தூக்கிக்கொண்டு வந்ததாம். பெட்டியின் படத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிறு பிசைந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு நானும் இதே மாதிரிப் பெட்டியோடுதான் வீடு வந்தேன்.

மைக்கைக் கீழே போடாதே, கேபிளை மிதிக்காதே என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

யூஎஸ்பி மிக்சரில் எட்டு டிராக் வரும் என்று நம்புவது

"அண்ணே, எட்டு மைக் குத்தலாம், யூஎஸ்பியும் இருக்கு. எட்டும் தனித்தனியா லேப்டாப்புக்கு வரும்தானே?"

வராது. விலை குறைந்த யூஎஸ்பி மிக்சர்களில் பெரும்பாலானவற்றில் எல்லா மைக்கின் சத்தமும் உள்ளேயே கலந்து, இடது, வலது என்று இரண்டே டிராக்காக, அதாவது இரண்டே தனிப் பதிவாகத்தான் லேப்டாப்புக்குப் போகும். மேலே எத்தனை திருகு இருந்தாலும் சரி. காலால் அடிக்கும் பேஸ் டிரம், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம், சிம்பல் தட்டு மூன்றும் ஒன்றாக உறைந்துவிடும். பிறகு ஸ்னேரை மட்டும் கூட்டுவதும் சிம்பலை மட்டும் குறைப்பதும் நடக்காது. சீனி போட்டுக் கலக்கிய தேத்தண்ணியிலிருந்து சீனியைத் திரும்ப எடுக்க முடியுமா?

எனக்கு இது தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். மாசி மாதம், காமன் கூத்து முடிந்த வாரம். நாலு தப்பு மேளம், ஒரு பாட்டுக்காரர், ஒரு ஜால்ரா. ஆளுக்கொரு மைக் வைத்தேன். லயத்து வீடுகளுக்குப் பின்னால் காய்ந்த சருகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள்; விரலால் சுண்டினால் 'டண்' என்று கேட்கும் வரைக்கும் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். அந்த நாலு பேரில் ஒரு பெரியவருக்குப் பெரட்டுத் தப்பு தெரியும். அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடித்த அடி அது. தன் அப்பா அடித்ததைக் கேட்டுப் பழகியதாகச் சொன்னார். கூட்டத்தில் வேறு யாருக்கும் அது முழுசாகத் தெரியாது. அன்றைக்கு அதை இரண்டு தடவை அடித்தார், மற்றவர்கள் கூடவே பிடித்துக்கொண்டார்கள். ஹெட்போனில் எல்லாம் நன்றாகத்தான் கேட்டது.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் இரண்டே டிராக். பக்கத்தில் நின்ற பையனின் நீளக் குச்சிச் சத்தம் 'சடார் சடார்' என்று மேலே நிற்கிறது, பெரியவரின் அடி அதற்குக் கீழே எங்கேயோ புதைந்து கிடக்கிறது. குச்சிச் சத்தத்தைக் குறைத்தால் பெரியவரின் தப்பும் சேர்ந்தே குறைகிறது. இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். சரி, அடுத்த மாசிக்கு ஒழுங்காக எடுப்போம் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாசிக்கு அவர் இல்லை.

அதனால்தான் இந்த ஒரு தவறைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பெட்டியில் '8 சேனல்' என்று எழுதியிருந்தது, அது பொய்யும் இல்லை. அந்த எட்டும் உள்ளே வருகிற கணக்கு. லேப்டாப்புக்குப் போகிற கணக்கு சின்ன எழுத்தில், பெட்டியின் பின்பக்கத்தில் இருந்தது.

வாங்குவதற்கு முன்பு இரண்டு வேலை செய்யுங்கள். கையேட்டில் யூஎஸ்பி பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். 'ஸ்டீரியோ' என்றோ '2 இன், 2 அவுட்' என்றோ இருந்தால் அது உங்களுக்குச் சரிவராது. அப்புறம், முடிந்தால் லேப்டாப்பைக் கடைக்கே கொண்டு போங்கள். மிக்சர் கம்பனி தரும் டிரைவர் மென்பொருளைப் போட்டு, பதிவு மென்பொருளில் இன்புட் பட்டியலைத் திறந்து பாருங்கள். 1, 2 என்பதோடு பட்டியல் முடிந்தால் கையை எடுத்துவிடுங்கள். இதற்கென்று மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் முழு வசதியோடு பாவித்துப் பார்க்கலாம்.

தனித்தனி டிராக் தருகிற மிக்சர்களும் உண்டு, டாஸ்காம் மாடல் 12 மாதிரி. விலை நன்றாக ஏறும். குறைந்த காசுக்கு மிக்சரை மறந்துவிட்டு, நாலு மைக் பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சத்தத்தைப் பெருக்கும் பகுதி) உள்ள இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) ஒன்றைத் தேடுவதுதான் நல்லது. அங்கேயும் பெயரில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறையில் 4ஐ4 என்பதில் மைக் பிரீஆம்ப் 2, 18ஐ8 என்பதில் 4. பெரிங்கர் யூஎம்சி404எச்டியில் 4. முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மைக் குத்துகிற ஓட்டையை விரல் விட்டு எண்ணுங்கள், அதுதான் கணக்கு.

ஏழு மைக் உள்ள செட்

ஒரே பெட்டியில் ஏழு மைக், கிளிப்போடு, மலிவாக. அந்தக் காசுக்கு இரண்டு நல்ல மைக் வாங்கலாம். டிரம் செட்டுக்கு நாலு மைக் தாராளம்: பேஸ் டிரமுக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, மேலே இரண்டு. மேலே வைக்கும் இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அளவு நாடாகூட வேண்டாம், ஒரு நூல் போதும்: ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் ஒருவர் அழுத்திப் பிடிக்க, மறுமுனையை ஒரு மைக்குக்கு இழுத்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, அதே முடிச்சு மற்ற மைக்கையும் தொடுகிற மாதிரி ஸ்டாண்டை நகர்த்துங்கள். சத்தம் 34 சென்டிமீட்டர் போக ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் எடுக்கும். இரண்டு மைக்குக்கும் அந்த அளவு வித்தியாசம் வந்தாலே ஸ்னேர் மெலிந்து, தகர டின்னைத் தட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

கண்டென்சர் மைக்கை வெளியே விட்டு வைப்பது

நம் பக்கத்தில் மே மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் சுவரே வியர்க்கும். கண்டென்சர் மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டில் ஈரம் ஏறினால் 'பொரபொர' என்று பொரிகிற சத்தம் கேட்கும். மைக் பழுது என்று நினைத்து விற்றவர்கள் இருக்கிறார்கள். காய வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள், வேலை முடிந்ததும் மைக் அதற்குள். குளிரிலிருந்து எடுத்த உடனே குத்தாமல் அறைச் சூட்டுக்கு வரட்டும்.

முதல் மைக் எது என்று கேட்டால் டைனமிக், அதாவது மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற வகை, என்றுதான் சொல்வேன். கண்டென்சருக்குக் கேபிள் வழியாகக் கொடுக்கும் 48 வோல்ட் மின்சாரம் இதற்கு வேண்டாம், ஈரத்தையும் அடியையும் தாங்கும். தப்புக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்தால் போதும், ஒட்டி வைத்தால் குச்சி மட்டும்தான் கேட்கும்.

போலி எஸ்எம்57

ஷூர் கம்பனி 1965இல் கொண்டுவந்த டைனமிக் மைக், இன்றைக்கும் ஸ்னேருக்கு அதைத்தான் வைக்கிறார்கள், அதனால் போலியும் நிறைய. விலை பாதி என்றால் வாங்காதீர்கள்.

பழைய தோலுக்குப் புது மைக்

தேய்ந்துபோன ஸ்னேர் தோலை எந்த மைக்கும் காப்பாற்றாது. முதலில் தோலை மாற்றுங்கள், மைக்கைவிட அது மலிவு. தப்புக்காரர்களைப் பாருங்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் நெருப்புக்குப் போவார்கள். பனி நேரத்தில் பத்து நிமிடத்தில் தோல் இறங்கிவிடும். பதிவுக்கும் அந்த இடைவெளியை விட்டே நேரம் ஒதுக்குங்கள்.

முட்டை அட்டை

சத்தத்தை அடக்கும் என்று நம்பிச் சுவரில் ஒட்டாதீர்கள். காம்பராவின் மூலையில் மெத்தையைச் சாய்த்து, டிரம்முக்கு நேர் மேலே கம்பளி ஒன்றைக் கட்டுங்கள்.

தகரக் கூரை

மழை பெய்தால் அன்றைக்குப் பதிவு இல்லை.

சத்தத்தைச் சிவப்பு வரைக்கும் ஏற்றுவது

பதிவு மென்பொருளில் 24 பிட் தரத்தில் எடுக்கிறீர்கள் என்றால், மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லில் நின்றாலே போதும்.

இடி நேரத்தில் பிளக்கில் விட்டுவைப்பது

ஏப்ரலிலும் அக்டோபரிலும் பின்னேரமானால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஆஃப் பண்ணினால் மட்டும் போதாது.

அந்தப் பையன்களின் மிக்சரைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. திருவிழாவுக்கு ஸ்பீக்கர் பெட்டி கட்டிப் பாட அது நல்ல சாமான்தான், அங்கே பாவிக்கட்டும். இன்டர்ஃபேஸுக்குக் காசு சேரும் வரைக்கும் அதிலேயே ஒரு வழி இருக்கிறது: இரண்டு மைக் மட்டும் குத்தி, ஒன்றின் பேன் திருகை (சத்தத்தை இடது, வலது பக்கம் தள்ளும் திருகு) முழுசாக இடதுக்கும் மற்றதை முழுசாக வலதுக்கும் திருப்பினால் இரண்டும் தனித்தனியாகவே பதிவாகும். போன ஞாயிறு அப்படித்தான் எடுத்தோம். பேஸ் டிரம் இடது, தலைக்கு மேல் தொங்கிய மைக் வலது. வருகிற ஞாயிறு அவர்களுடைய மாமா தப்போடு வருகிறார்.