அலியா டைசனா, புல்ஸா வாரியர்ஸா: வாதாட உட்காரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் பாம்பனில் டீக்கடைகளுக்கு நல்ல வியாபாரம். கிழிந்த வலையைத் தைக்கிறவர்கள் ஒரு பக்கம், இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு கையைத் துடைத்தபடி வருகிறவர்கள் ஒரு பக்கம், நடுவில் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த கீழக்கரை சபராளி ஒருவர் போனில் பழைய குத்துச்சண்டைக் காட்சிகளை ஓட்டிக்கொண்டிருந்தார். என் மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, டைசன் முன்னாடி அலி நாலு ரவுண்டு நின்னிருப்பாரா?" என்றான். அவ்வளவுதான். நான்கு நாள் வாதம், ஒரு செட் பரோட்டா பந்தயம், கடைசியில் பேச்சு கூடைப்பந்துக்குத் தாவி இன்னும் இரண்டு நாள். நானும் கத்தியவன்தான், அதனால் இங்கே சொல்லப்போகிற தவறுகளில் பாதி நான் செய்தவை.

முதல் தவறு, கேள்வி என்னவென்றே தெரியாமல் பதில் சொல்வது. "யார் பெரிய ஆள்" என்பது ஒரு கேள்வி, "இருவரும் மோதினால் யார் ஜெயிப்பார்" என்பது வேறு கேள்வி. என் தாத்தா பாய் கட்டிய வல்லத்தில், காற்றையும் நட்சத்திரத்தையும் பார்த்து ஓட்டியவர். இன்றைக்கு விசைப்படகில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், பெட்டி பெட்டியாக ஐஸ். யார் அதிக மீன் கொண்டு வருவார் என்று கேட்டால் இன்றைய பையன்தான், சந்தேகமே இல்லை. யார் பெரிய கடலோடி என்று கேட்டால் வாயைத் திறக்க யோசிப்பீர்கள். டீக்கடையில் ஒருவர் முதல் கேள்விக்கு வாதாடுகிறார், எதிரில் இருப்பவர் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறார், இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு டீயை ஆறவிடுகிறார்கள்.

அடுத்தது தோல்விக் கணக்கு. ஐம்பதுகளின் உலக சாம்பியன் ராக்கி மார்சியானோ 49 சண்டை, 49 வெற்றி, தோல்வியே இல்லை. அலிக்கு ஐந்து தோல்வி. "அப்ப மார்சியானோதான் பெரிசு, கணக்கு முடிஞ்சது" என்பார்கள். அந்த ஐந்தில் மூன்று, அலிக்கு 36 வயது ஆன பிறகு வந்தவை. 1980இல் லாரி ஹோம்ஸிடம் தோற்றபோது அவருக்கு 38. இன்னொரு பக்கம், மார்சியானோ வென்ற பெரிய பெயர்களில் ஒன்றான ஜோ லூயிஸ், 25 முறை பட்டத்தைக் காப்பாற்றியவர், 1951இல் மார்சியானோ எதிரில் வந்து நின்றபோது அவருக்கு வயது 37. யாரை வென்றார் என்பதோடு எந்த வயதில் இருந்தவரை வென்றார் என்றும் கேட்க வேண்டும். அலியைக் கொண்டுவருவதாக இருந்தாலும் எந்த ஆண்டு அலி என்று சொல்லுங்கள். ராணுவத்தில் சேர மறுத்ததற்காக 1967இல் பட்டத்தைப் பிடுங்கிவிட்டார்கள், மூன்றரை ஆண்டு மேடையே ஏறவில்லை. அதற்கு முந்தைய அலி வேகம், பிந்தைய அலி அடி வாங்கித் தாங்கியவர். இரண்டு பேர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

விதி மாறியதை மறப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். நம் ஊரில் இது புரியாதவர் இருக்க முடியாது. தடைக்காலம் முன்பு 45 நாள்தான், 2017இலிருந்து 61 நாள். ஒரு படகின் வருடப் பிடிப்பை இருபது வருடம் முந்தைய பிடிப்போடு ஒப்பிடுகிறவன் இந்த 16 நாளைக் கழிக்காவிட்டால் அவனைத் தரகர்கூட நம்ப மாட்டார். குத்துச்சண்டையில் உலகப் பட்டச் சண்டைகள் பல காலம் 15 சுற்று நடந்தன. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம், 14ஆம் சுற்றில் விழுந்து சில நாளில் இறந்துபோன பிறகு, எண்பதுகளுக்குள் அது 12 சுற்றாகக் குறைந்தது. மூன்று சுற்றுதானே என்று தோன்றும். இதைப் பாருங்கள்: 1952இல் மார்சியானோ பட்டம் வென்றது ஜெர்ஸி ஜோ வால்காட்டிடம். 12 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளியிலும் வால்காட்தான் முன்னால் இருந்தார். மார்சியானோவின் குத்து விழுந்தது 13ஆம் சுற்றில். இன்றைய விதியாக இருந்திருந்தால் அன்றைக்கு அவர் தோற்று வீட்டுக்குப் போயிருப்பார், 49க்கு 49 என்ற பேச்சே கிடையாது. இதை நான் சொன்னபோது என் மச்சான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அதுவே எனக்கு ஒரு பரோட்டா சாப்பிட்ட மாதிரி.

இன்னும் பின்னால் போனால் விதி இன்னும் விநோதம். 1919இல் ஜாக் டெம்ப்ஸி, ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை கீழே தள்ளினார். அது எப்படிச் சாத்தியமானது? விழுந்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவர் எழுந்ததும் மறுபடி அடிக்க அன்று தடை இல்லை. அதே டெம்ப்ஸி 1927இல், விழுந்தவரை விட்டு ஒதுங்கி எதிர் மூலைக்குப் போக வேண்டும் என்ற புது விதியை மறந்து ஜீன் டன்னி அருகிலேயே நின்றுவிட, எண்ணுவது தாமதமாக, டன்னி எழுந்து கடைசியில் ஜெயித்துவிட்டார். ஆள் அதே ஆள்தான், கடல்தான் மாறிவிட்டது.

யாரோடு மோத விடவில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும். கறுப்பின சாம்பியன் ஜாக் ஜான்சன் 1915இல் பட்டத்தை இழந்த பிறகு 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை, 22 ஆண்டு, எந்தக் கறுப்பின வீரருக்கும் ஹெவிவெயிட், அதாவது உச்ச எடைப் பிரிவின், பட்டச் சண்டைக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. டெம்ப்ஸி பட்டம் வைத்திருந்த காலத்தில் கறுப்பின வீரர் ஹாரி வில்ஸ் காத்திருந்தே ஓய்ந்துபோனார்.

உடல் எடையைப் பற்றி ஒரு வார்த்தை. மார்சியானோ ஏறத்தாழ 85 கிலோ, இன்றைக்கு அவர் ஹெவிவெயிட்டே இல்லை, அதற்குக் கீழ்ப் பிரிவு. அதனால் பழைய ஆட்கள் எல்லாம் இன்று நசுங்கிவிடுவார்கள் என்று முடிவு கட்டுவது ஒரு அவசரம். கீழ்ப் பிரிவிலிருந்து ஏறி வந்த உக்ரைன் வீரர் உசிக்தான் 2024 மே மாதம் 206 சென்டிமீட்டர் உயர பிரிட்டன் வீரர் ஃப்யூரியைப் புள்ளியில் வென்றார். எடை முக்கியம், ஆனால் எடையே எல்லாமும் இல்லை.

அப்புறம் அந்தச் சங்கிலி வாதம். அ ஆவை அடித்தான், ஆ இயை அடித்தான், ஆகவே அ இயை அடிப்பான். கேட்க நன்றாக இருக்கும், எழுபதுகளின் ஹெவிவெயிட்டைப் பார்த்தவன் இதைச் சொல்ல மாட்டான். 1971இல் ஃப்ரேசியர் அலியை வென்றார். 1973 ஜனவரியில் அந்த ஃப்ரேசியரை ஃபோர்மேன் இரண்டே சுற்றில் ஆறு முறை தரையில் போட்டார். அதே ஆண்டு மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார், அடுத்த மார்ச்சில் நார்ட்டனையும் ஃபோர்மேன் இரண்டு சுற்றில் முடித்தார். சங்கிலிப்படி பார்த்தால் 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலி ஃபோர்மேனிடம் இரண்டு சுற்றுகூட நிற்கக் கூடாது. எட்டாம் சுற்றில் கீழே கிடந்தது ஃபோர்மேன். சீலா வலையில் நெத்திலி நிற்காது, நெத்திலி வலை சீலாவைத் தாங்காது, ஒவ்வொரு வலைக்கும் ஒரு கண் அளவு. நெருங்கி வந்து கீழே குனிந்து இடது கையை வீசுகிற ஃப்ரேசியர் அலிக்குத் தொல்லை, ஃபோர்மேனுக்கு அல்வா.

கணினியில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று சபராளி சொன்னார். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள், 1969லேயே. அலியும் ஓய்வு பெற்ற மார்சியானோவும் மேடையேறிப் பல முடிவுகளை நடித்துக் கொடுக்க, கணினி சொன்ன முடிவு என்று 1970 ஜனவரியில் திரையிட்டார்கள். அமெரிக்காவில் காட்டியதில் 13ஆம் சுற்றில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டியதில் அலி ஜெயித்தார். மார்சியானோ பாவம், படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில் விமான விபத்தில் இறந்துவிட்டார், எந்த முடிவையும் பார்க்கவில்லை.

சரி, கூடைப்பந்து. இங்கே ஆளுக்குப் பதில் அணி, ஆனால் தவறு அதே தவறு, எண்கள் மட்டும் கூடுதல். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் வில்ட் சேம்பர்லின் 1961-62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தார், ஒரே ஆட்டத்தில் 100. இன்று யாரும் அருகில்கூட வர முடியாது, அதனால் அவர்தான் கடவுள் என்பார்கள். அந்தப் பருவத்தில் ஒரு அணி ஒரு ஆட்டத்தில் ஏறத்தாழ 108 முறை கூடையை நோக்கிப் பந்தை எறிந்தது, இன்றைக்கு 90க்கும் கீழே. குறியும் அன்று மோசம், எறிந்ததில் பாதிக்கு மேல் தவறியது, தவறின பந்தெல்லாம் யாராவது பிடிக்கத்தானே வேண்டும், ரீபவுண்ட் கணக்கு வானத்தைத் தொட்டது அதனால்தான். மீன் அதிகம் இருந்த கடல் அது. அதற்காக வில்ட்டைக் குறைத்துவிடவும் முடியாது: அதே கடலில் மற்றவர்களும் வலை போட்டார்கள், அவர் அளவுக்கு யாரும் அள்ளவில்லை. அவர் காலத்தில் ஆடியவர்களோடு முதலில் ஒப்பிடுங்கள், அப்புறம் காலம் தாண்டுங்கள். பிளாக் (எறிந்த பந்தைத் தட்டிவிடுவது), ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) இரண்டையும் 1973-74க்கு முன் எழுதியே வைக்கவில்லை என்பதையும் மறக்காதீர்கள், வில்ட்டின் பெரிய போட்டியாளர் பில் ரஸ்ஸல் எத்தனை பந்தைத் தட்டிவிட்டார் என்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் பதில் கிடையாது.

ரஸ்ஸலின் பாஸ்டன் செல்டிக்ஸ் 13 பருவத்தில் 11 கோப்பை. "மொத்தமே எட்டு ஒன்பது டீம், என்ன பெரிசு" என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், அன்று லீக் ஆட்டங்களுக்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு சுற்றுத் தொடர் ஜெயித்தாலே கோப்பை கையில், இன்று நான்கு. ஆனால் அதே காரணத்தைத் திருப்பிப் பிடித்தால், நாடு முழுக்க நூறு பேருக்குத்தான் இடம், ஒவ்வொரு அணியிலும் தேர்ந்த ஆட்களே இருந்தார்கள், ரஸ்ஸலும் வில்ட்டும் பத்து ஆண்டில் நூறு தடவைக்கு மேல் மோதினார்கள். ஒரே உண்மையைத் தனக்கு வேண்டிய பக்கம் மட்டும் காட்டுவது தரகுப் பேச்சு.

1995-96 சிகாகோ புல்ஸ் 72 வெற்றி 10 தோல்வி, கோப்பையும் வென்றது. 2015-16 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 73க்கு 9, ஏழு ஆட்ட இறுதித் தொடரில் 3-1 என்று முன்னால் இருந்து கிளீவ்லேண்டிடம் 4-3 எனத் தோற்றது. இதில் 73 பெரிசா 72 பெரிசா என்று சண்டை போடுவது நேர விரயம். சுவையானது மூன்று புள்ளிக் கோடு, அதற்கு வெளியிலிருந்து போட்டால் கூடைக்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. வாரியர்ஸ் அந்தப் பருவத்தில் 1,077 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டது, புல்ஸ் 544. பலருக்குத் தெரியாதது, 1994 முதல் 1997 வரை மூன்று பருவம் அந்தக் கோட்டையே 22 அடிக்கு நெருக்கி வைத்திருந்தார்கள், அதாவது புல்ஸ் போட்ட 544இல் பலவும் இன்றைவிடக் கிட்டத்திலிருந்து. இந்தப் பக்கம் வாரியர்ஸுக்கு ஒரு சலுகை: ஆட்டக்காரர் மேல் கைவைத்துத் தடுப்பதை 2004க்குப் பிறகு நடுவர்கள் கறாராகத் தண்டித்தார்கள், வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரி ஓடிய ஓட்டத்துக்கு அது பெரிய வசதி. 1996 விதியில் ஆடினால் புல்ஸின் பிப்பனும் ஜோர்டானும் கரியின் இடுப்பிலிருந்து கையை எடுத்திருக்கவே மாட்டார்கள், புல்ஸ் என்பது என் கட்சி. 2016 விதியில் வாரியர்ஸ், ஆறு ஆட்டத்தில் தொடரை முடித்துவிடும்.

அலி–டைசனுக்கும் என் தீர்ப்பைக் கேட்டார்கள். 1966 அலி, 1988 டைசன், 15 சுற்று என்றால் அலி. முதல் நான்கு சுற்றுக்கு நான் பொறுப்பில்லை. மச்சான் கேட்டதே அந்த நாலு சுற்றைத்தான் என்பதால், பரோட்டா யார் வாங்குவது என்று முடிவாகவில்லை. ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் அவன் படகேறிவிட்டான்.