மலிவு வாடகை வீடுகள் கட்ட நிதி: டர்பனிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் சாட்ஸ்வர்த் பகுதிக் கோயில் குழுவிடம் ஒரு காலிமனை இருந்தது. நாற்பது வீடுகள் கட்டிக் குறைந்த வாடகைக்கு விடலாம் என்று எல்லோருக்கும் ஆசை. முதல் வேலையாக வண்ண வண்ணமாக வரைபடம் போட்டோம். மானியம் கேட்டுப் போன இடத்தில் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "மனை எந்த மண்டலத்தில் வருகிறது?" என்றார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எனவே முதல் படி, மண்டலம். சமூக வீட்டுவசதி, அதாவது மலிவு வாடகை வீடுகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறை ஆணையம் கட்டுமானச் செலவுக்கு வழங்கும் மூலதன மானியம், மறுசீரமைப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குத்தான் கிடைக்கும். இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் நம் தாத்தா பாட்டிகளை நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளியதே, அந்தக் கோணலை நிமிர்த்தத்தான் இந்த ஏற்பாடு. டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியில் மனை எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அன்றே பாருங்கள். காலமாகிவிட்ட அறங்காவலர் பெயரில் இருந்தால், முதலில் அந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டும்.

இரண்டாவது, யார் குடியிருக்கப் போகிறார்கள்? 2022இல் திருத்திய வரம்பின்படி, குடும்ப வருமானம் மாதம் 1,850 முதல் 22,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். குறைந்தது 30 விழுக்காடு வீடுகள் இவர்களில் கீழ்த்தட்டினருக்கு. சொந்த வீடு வாங்குவோருக்கான உதவித்தொகை வேறு; இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, வாடகைக் கணக்கு. இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் போடுங்கள். நாற்பதில் 12 வீடுகளுக்கு 2,000 ராண்ட், 28 வீடுகளுக்கு 4,000 ராண்ட் என்று வைத்தால் மாதம் 1,36,000. எல்லா வீடும் நிறைந்து, எல்லோரும் ஒன்றாம் தேதியே கொடுத்தால்தான் அது. மாநகராட்சி வரி, தண்ணீர், காவல், பழுது, காலியாகக் கிடக்கும் வீடுகள், வராத பாக்கி எல்லாம் சேர்த்து 60,000 கழியும் என்று வையுங்கள். மிச்சம் 76,000. நீங்கள் தாங்கக்கூடிய கடன் தவணை அதற்குள்தான். எங்கள் குழுவில் காவல்காரர் சம்பளத்தையே மறந்திருந்தோம். பொருளாளரின் மனைவிதான் அதைச் சுட்டிக்காட்டினார்.

நான்காவது, விண்ணப்பிப்பது யார்? கோயில் குழு நேரடியாகப் போய் நின்றால் நடக்காது. ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற சமூக வீட்டுவசதி நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேருவதே புதியவர்களுக்கு நல்லது. சொந்தமாக ஒன்று தொடங்கி அங்கீகாரம் வாங்கலாம்தான்; ஆனால் நிர்வாகத்தையும் கணக்கையும் துருவிப் பார்ப்பார்கள்.

ஐந்தாவது, பணத்தை அடுக்குவது. அடியில் உங்கள் மனை, அதன்மேல் மானியம், குறைவதற்குத் தேசிய வீட்டுவசதி நிதிக் கழகத்தின் கடன். ஒன்றின் உறுதிக் கடிதம் இல்லாமல் மற்றது நகராது. ஆகவே எல்லாக் கதவுகளையும் ஒரே சமயத்தில் தட்டுங்கள்.

கட்டிட அனுமதி வந்த பிறகு, வேலை தொடங்க 15 நாட்களுக்கு முன்பாவது வீடு கட்டுவோர் பதிவு மன்றத்தில் திட்டத்தைப் பதியுங்கள். மானியம் மொத்தமாகக் கைக்கு வராது. வேலை நகர நகரத்தான் தவணை வரும். ஒப்பந்தக்காரரோ வெள்ளிக்கிழமை கூலி கேட்பார். இடைப்பட்ட வாரங்களுக்கான கைப்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள்.