படிவம் 16-இல் விடுபட்ட 80டி: என் அனுபவம்
2024 ஏப்ரல் 1 அன்று அப்பா, அம்மாவின் மருத்துவக் காப்பீட்டுக்கு இரண்டு வருடப் பிரீமியம் 64,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். இருவரும் 60 தாண்டியவர்கள். வருமான வரிக் கழிவுக்காக ரசீதை அலுவலகத்தில் கொடுத்தேன். “அப்பாவுக்குத்தான் பென்ஷன் வருகிறதே, அவர் உங்களைச் சார்ந்தவர் இல்லையே” என்று ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் அலுவலகம் தரும் சான்றான படிவம் 16-இல், 80டி, அதாவது மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கான கழிவு, காலி.

சட்டத்தில் அப்படி நிபந்தனையே கிடையாது. பெற்றோருக்குச் சொந்த வருமானம் இருந்தாலும், நாம் கட்டிய பிரீமியத்தை நாம் கழிக்கலாம். மூத்த குடிமக்கள் என்றால் 50,000 வரை. ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அலுவலகம் விட்டுவிட்டாலும் வருமான வரி ரிட்டர்னில் நாமே கேட்கலாம்.

சரி என்று ரிட்டர்ன் போடும் கடைசித் தேதிக்குள் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தேன். புதியதில் இந்தக் கழிவு இல்லை. 80டி அட்டவணையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், அப்புறம் தொகை. 64,000 அல்ல, 32,000. பல வருடப் பிரீமியத்தைப் பாலிசி நடப்பிலிருக்கும் நிதியாண்டுகளுக்குப் பிரித்துத்தான் கழிக்க முடியும். நடு ஆண்டில் தொடங்கும் இரண்டு வருடப் பாலிசி மூன்று நிதியாண்டுகளைத் தொடும். அப்போது மூன்றில் ஒரு பங்குதான். இதைப் பலர் கவனிப்பதில்லை.

எனக்கு 20 சதவீத வரி. செஸ் என்ற கூடுதல் வரியோடு 6,656 ரூபாய் ரீஃபண்ட் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது.