கொட்டை எடுத்த புளியை வாட்ஸ்அப்பில் விற்கத் தொடங்குவது எப்படி?

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். கடை வாடகை இல்லாமல் தொழில் தொடங்க அதுதான் சரியான நேரம். முதல் சுற்றுக்கு ஓட்டோடு 20 கிலோ போதும். ஓடு, நார், கொட்டை போக ஏறக்குறைய பாதிதான் சதை மிஞ்சும். விலை போடுவதில் பலர் சறுக்குவது இங்கேதான். புளி வாங்கிய பணத்தோடு கொட்டை எடுக்கும் கூலியையும் கூட்டி, 20 கிலோவால் அல்ல, கையில் நிற்கும் 10 கிலோவால் வகுங்கள். பை, லேபிள் செலவு அதற்குமேல்.

ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், காற்றுப் பட்டால் கறுக்கும். அதனால் நன்றாகக் காய வைத்து, தடித்த பையில் அரை கிலோ வீதம் அடைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி சீலிங் மெஷினில் ஒட்டுங்கள். பை வாயில் புளிப் பிசுக்கு இருந்தால் ஒட்டு நிற்காது, துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

விற்பனைக்கு முன்பே எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம். அந்த 14 இலக்க எண், எடை, விலை, பொட்டலமிட்ட தேதி, முகவரி, தொலைபேசி எண் எல்லாம் லேபிளில் வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம். கட்டணம் கேட்கும் போலித் தளங்கள் நிறைய உண்டு, கவனம்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக் (படத்தோடு பொருள் பட்டியல்) போடக் காசில்லை. படத்தைப் பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். நிறம் மாறித் தெரிந்தால் சரக்கு திரும்பி வரும். பெட்டி பெரிதானால் பல கூரியர்கள் அதன் கன அளவுக்கே கட்டணம் போடுவார்கள், அளவான பெட்டி பாருங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை நம்பி அனுப்பாதீர்கள். கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள்.