சின்ன அருங்காட்சியகம் நடத்துவது எப்படி: காலைச் சுற்று முதல் படத்துக்குப் பெயர் தேடும் நாள் வரை

இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், பூட்டியே கிடக்கும் ஒரு பின்னறை, பாதிக்கு மேல் பதிவேட்டில் ஏறாத சில நூறு பொருள்கள், முறை வைத்து வந்துபோகும் நாலைந்து தன்னார்வலர்கள். உங்கள் உள்ளூர் அருங்காட்சியகம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது என்றால் இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பெரிய இடங்களுக்கான கையேடுகளைப் பிரித்தால் பாதுகாப்புக்கு ஒரு பிரிவு, வெளிச்சத்துக்கு ஒரு பிரிவு என்று போகும். இங்கே கதவைத் திறப்பவர், கழிப்பறைக்குச் சோப்பு வைப்பவர், நூறு வருடத்துப் பத்திரத்தைக் கையில் எடுப்பவர் எல்லாம் ஒரே ஆள்.

இந்த வேலைக்கு வந்த புதிதில், ஜனங்கள் பார்க்க வருகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்க்கவும் வருகிறார்கள்தான். ஆனால் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று காது கொடுத்தால் தெரியும், பாதிப் பேர் சொல்ல வந்தவர்கள். "எங்கள் பாட்டியிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது, நீங்கள் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள்" என்று போகிற போக்கில் ஒருவர் சொல்வார், அது சரியாகவும் இருக்கும். எழுதிவைக்க ஆள் இல்லையென்றால் அவர் வாசலைத் தாண்டியதும் அந்தத் தகவலும் போய்விடும். அதனால் பொருள் கெடாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு முக்கியமோ, விஷயம் தெரிந்தவர் வாய் திறக்கும்போது நம் கையில் பென்சில் இருப்பதும் அவ்வளவு முக்கியம் என்பது என் கணக்கு. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

காலைச் சுற்று

கதவைத் திறந்ததும் விளக்கைப் போடாதீர்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால்தான் புதுத் தூசு, சுவரில் ஏறும் ஈரம், கண்ணாடிப் பெட்டி மூலையில் கிடக்கும் பூச்சி இறகு எல்லாம் கண்ணில் படும். தலைக்கு மேல் விளக்கு எரியும்போது எல்லாமே சுத்தமாகத்தான் தெரியும். ஈரப்பதமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 65 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும். அதற்குக் கீழே இருக்கிறதா, சரி, எண் 50ஆ 55ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஒரே நாளில் சடசடவென்று ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். மரமும் தந்தமும் பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் வெடிக்கின்றன.

சுவரும் தரையும் சேரும் ஓரங்களில் ஒட்டும் பொறி அட்டைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் இடத்தையும் தேதியையும் எழுதிவிடுங்கள். அதில் ஒட்டுகிற நாலு பூச்சியால் பூச்சித்தொல்லை குறையப் போவதில்லை, என்ன பூச்சி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும், அவ்வளவுதான். ராமபாணப் பூச்சி மாட்டியிருந்தால் பக்கத்தில் எங்கோ ஈரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்களிடம் ஒரு பழைய மரப்பெட்டி இருந்தது. ஒருநாள் அதன் அடியில் வெளிர் மஞ்சளாகக் கொஞ்சம் மாவு. உளுத்த மரம் என்றால் பழைய துளையிலிருந்தும் அப்படிக் கொட்டும், யாராவது இடித்தாலே போதும். அதனால் உடனே பதற வேண்டாம். மாவைத் துடைத்துவிட்டு, ஒரு கறுப்புத் தாளை அடியில் விரித்து, மூலையில் தேதி போட்டுவிட்டு ஒரு வாரம் பெட்டியைத் தொடாமல் விட்டோம். எட்டாம் நாள் தாளின் மேல் மிளகளவு இரண்டு குவியல், நேர் மேலே இரண்டு துளை, துளையின் விளிம்பு புதிதாக வெட்டிய மரம் போல வெளுத்திருந்தது. உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அப்படித் தெரிந்தால் முதல் வேலை, கனமான பாலித்தீன் தாளில் பெட்டியைச் சுற்றி ஒட்டி மற்ற மரச் சாமான்களிடமிருந்து பிரித்து வைப்பது. சின்ன மரப்பொருள், துணி, கம்பளி என்றால் காற்று புகாமல் கட்டி உறையவைக்கலாம்: மைனஸ் 30 டிகிரியில் 3 நாள், வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 என்றால் 2 வாரம். வெளியே எடுத்ததும் ஆர்வத்தில் பிரித்துவிடாதீர்கள், ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் பொருளின் மேலேயே நீர் கோத்துக்கொள்ளும். ஓவியம், கண்ணாடி நெகட்டிவ் இந்த முறைக்கு ஆகாது. வீட்டில் கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயை எந்தப் பொருளின் மீதும் அடிக்கக் கூடாது, கறை விழுந்தால் போகாது.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று மட்டும். துணி, நீர்வண்ண ஓவியம், பழைய புகைப்படம் இவற்றுக்கு 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வழக்கமான வரம்பு, அந்த வெளிச்சத்தில் அறை மங்கலாகத்தான் இருக்கும். வெளுத்தது திரும்ப வராது, பட்ட வெளிச்சமெல்லாம் கூடிக்கொண்டே போகும். நல்ல நகலைச் சட்டத்தில் மாட்டி, அசலைப் பெட்டிக்குள் வைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நகல் என்று எழுதிவிடுங்கள், போதும்.

வாசலில் விட்டுப்போகும் பெட்டி

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கடிதங்களும் படங்களும் கொண்டுவந்து, "வைத்துக்கொள்ளுங்கள்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். நானும் சந்தோஷமாக எண் போட்டு அடுக்கினேன். எட்டு மாதம் கழித்து அவர் அக்கா வந்தார். "என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டான், அதில் பாதி என்னுடையது." எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தோம், கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதற்குள் மூன்று படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தோம்.

அன்றிலிருந்து இரண்டு தாள். ஒன்று, பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதற்காக வாங்கிக்கொண்டோம் என்ற ரசீது. மற்றது நன்கொடைப் பத்திரம்: பொருள் என்னுடையது, கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது, நிபந்தனை இல்லாமல் கொடுக்கிறேன் என்று கையெழுத்து. "எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும்" என்று கேட்பார்கள், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். புகைப்படம், கடிதம் என்றால் வெளியிடும் உரிமை பற்றி ஒரு வரி தனியாக வேண்டும். கையெழுத்து வாங்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான், இதை யார் பயன்படுத்தினார்கள், எதற்கு, கடைசியாக எப்போது என்று கேட்க வேண்டும். பிறகு ஃபோன் செய்து கேட்டுக்கொள்ளலாம் என்றால் அந்தப் பிறகு வருவதில்லை. ஏற்கெனவே ஏழு தையல் இயந்திரம் இருக்கும்போது எட்டாவது வந்தால் வேண்டாம் என்று சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் அதன் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு அனுப்புங்கள்.

எண் போடுவதில் புதுமை செய்ய வேண்டாம். உலகம் முழுக்கப் புழங்கும் முறையே போதும்: 2025.7.3 என்றால் 2025இல் வந்த ஏழாவது வரவில் மூன்றாவது பொருள். காகிதத்தின் பின்பக்க மூலையில் 2பி பென்சிலால், அழுத்தாமல். பீங்கான், உலோகம் என்றால் பாரலாய்ட் பி-72 என்ற பூச்சை ஓரிடத்தில் மெல்லப் பூசி, அதன் மேல் எழுதி, மறுபடி ஒரு பூச்சு. வேண்டாமென்றால் அசிட்டோனால் எடுத்துவிடலாம். துணிக்கு, எண் எழுதிய நாடாவை ஓரத்தில் இரண்டு தையல். செல்லோ டேப், ரப்பர் பேண்ட், ஜெம் கிளிப் மூன்றும் கட்டடத்துக்குள்ளேயே வராமல் இருந்தால் நல்லது. பஞ்சு அடைத்த பழைய விலங்கு உடல் எதுவும் வந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், அந்தக் காலத்தில் பதப்படுத்த ஆர்சனிக் போடுவார்கள். பதிவேட்டின் ஒரு நகல் வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

குறிப்பு அட்டையும் நாற்காலியும்

1916இலேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் ஒரு காரியம் செய்தார். ஒரு ஆளைக் காட்சிப் பெட்டிகளைப் பார்க்கச் சொல்லி, அவர் குனிவதையும் மண்டியிடுவதையும் கழுத்தை வளைப்பதையும் படமெடுத்து, பார்வையாளர் களைத்துப்போவதற்கு நாம் வைக்கும் விதம்தான் காரணம் என்று காட்டினார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் முழங்காலுக்குக் கீழே குறிப்பு ஒட்டுகிறோம். உங்கள் இடத்தை ஒருமுறை மூக்குக் கண்ணாடி போட்ட, முழங்கால் வலி உள்ள ஒருவரோடு சுற்றி வாருங்கள். அவர் எங்கே குனிகிறாரோ அங்கே தப்பு. எங்கே உட்காரத் தேடுகிறாரோ அங்கே நாற்காலி. சாய்வும் கைப்பிடியும் உள்ள நாற்காலி, ஸ்டூல் வேண்டாம்.

குறிப்பு ஐம்பது அறுபது சொல்லைத் தாண்டினால் படிக்கமாட்டார்கள். ஆண்டையும் அளவையும் முதல் வரியில் போடாமல், பொருளைப் பார்த்ததும் எழும் கேள்விக்குப் பதில் போடுங்கள்: இந்த ஓட்டை எதற்கு, இந்தப் பக்கம் மட்டும் ஏன் தேய்ந்திருக்கிறது. தெரியாத பொருளுக்கு "இது என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியுமா?" என்று எழுதி ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். எங்கள் இடத்தில் அதிகம் பேர் நின்று படிக்கும் அட்டை அதுதான், கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கிறது.

படத்துக்குப் பெயர் தேடும் நாள்

நிகழ்ச்சி என்றதும் மேடை, மைக், சிறப்பு விருந்தினர் என்று யோசிக்காதீர்கள். ஒரே ஒரு நிகழ்ச்சிதான் நடத்த முடியும் என்றால் இதை நடத்துங்கள்.

பெயர் தெரியாத குழுப் படங்கள் எல்லா உள்ளூர் அருங்காட்சியகத்திலும் இருக்கும். அதில் பத்தை எடுத்து ஸ்கேன் செய்து, முகம் கட்டை விரலளவு தெரியும்படி பெரிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். அசல் வெளியே வரக்கூடாது. ஒவ்வொரு அச்சின் மேலும் ஒரு டிரேசிங் தாளை மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டி, தலைகளின் வெளிக்கோட்டை வரைந்து, இடமிருந்து வலமாக எண் போடுங்கள். பக்கத்தில் அதே எண்கள் போட்ட தாள், அதில் மூன்று பத்தி: பெயர், எப்படித் தெரியும், சொன்னவர். மூன்றாவது பத்தி இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஒரு மேசைக்கு இரண்டு படம், நான்கு நாற்காலி, எழுத ஒருவர். வருபவரை எழுதச் சொல்லாதீர்கள். பேனாவைக் கையில் கொடுத்ததும் பேச்சு நின்றுவிடும்.

முதல் அரை மணி நேரம் மந்தமாகத்தான் போகும். அப்புறம் ஒருவர் விரலை வைப்பார். எங்கள் இடத்தில் இரண்டாம் வரிசை 9ஆம் ஆளைத் தன் சித்தப்பா என்றார் ஒரு பெரியவர். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, "அவர் இடது கைக்காரர், இதில் வலது கையில் மட்டையைப் பிடித்திருக்கிறார், அவர் தம்பியாக இருக்கும்" என்றார். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரி நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பெயரையும் இரண்டு பேர் சொன்னதாகவே எழுதுங்கள். அன்று நெகட்டிவ் இடம் வலம் மாற்றி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றி, பின்னால் இருந்த பலகையின் எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எழுத்து நேராகத்தான் இருந்தது. தாளில் இன்னும் இரண்டு பெயரும் இருக்கின்றன.

யாராவது நன்றாகப் பேசுகிறார் என்றால் அங்கேயே ஃபோனை நீட்டாமல், வேறொரு நாள் வரச் சொல்லுங்கள். ஜன்னல் சாத்திய சின்ன அறை, விசிறி அணைத்து, கை தட்டிப் பார்த்து எதிரொலி இருந்தால் கனத்த துணி தொங்கவிட்டு. முதலில் ஒப்புதல் தாள், அடுத்து தேதி, இடம், இருவர் பெயரையும் ஒலிப்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். கருவியில், ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் டபிள்யூஏவி (WAV) வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில்.

மற்ற நிகழ்ச்சிகள் தானாக அமையும். குழந்தைகளுக்கு, உடைந்தாலும் பரவாயில்லை என்று தனியாக ஒதுக்கிய தொட்டுப் பார்க்கும் மேசை ஒன்று. அதில் உள்ளவற்றுக்கு வேறு பதிவேடு. உலக அருங்காட்சியக நாள் மே 18, சர்வதேச அருங்காட்சியகங்கள் அவை 1977 முதல் நடத்துகிறது, வருடா வருடம் ஒரு தலைப்பும் தரும்; அந்த நாளில் பின்னறையைத் திறந்து பத்துப் பத்துப் பேராக உள்ளே அழைத்துப் போங்கள், எங்கள் அனுபவத்தில் காட்சி அறையைவிட அதற்குத்தான் கூட்டம். சாப்பிட, குடிக்க என்ன கொடுத்தாலும் தாழ்வாரத்தோடு சரி, சிந்தினால் அன்றே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஒட்டும் அட்டையில் கணக்கு தெரியும்.

மறுநாள் காலை அருங்காட்சியகத்துக்கு விடுமுறையாக இருந்தாலும் ஒருவர் வந்தாக வேண்டும். தாள்களில் கிறுக்கியதெல்லாம் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் பதிவேட்டில் ஏறவேண்டும், அதற்கு மேல் போனால் நம் கையெழுத்து நமக்கே புரியாது. டிரேசிங் தாளில் காலியாக இருக்கும் எண்களைச் சிவப்பில் வட்டமிட்டு, படத்தைக் கதவுக்கு உள்பக்கம், வெளியே போகிறவர் கண்ணில் படும் உயரத்தில் மாட்டுங்கள். பென்சிலையும் தொங்கவிட மறக்காதீர்கள்.