பனி பெய்த மறுநாள் வெயிலை நம்பாதீர்கள்

டெல்லியில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் மணாலி. எங்கள் ஆர்.கே.புரம் பசங்களுக்கு, புதுப்பனி கொட்டி வானம் பளிச்சென்று வெளுத்தால் போதும், மலையேறக் கிளம்பிவிடுவார்கள். பனிச்சரிவு அபாயம் அதிகம் இருப்பதே அப்போதுதான்: பனி பெய்து முடிந்த 24 முதல் 48 மணி நேரம்.

பனியைவிடக் காற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரு பக்கத்துப் பனியை அள்ளி, முகட்டுக்கு அந்தப் பக்கம், காற்று படாத சரிவில் குவித்துவிடும். முழங்கால் அளவு பெய்த ஊரில் அங்கே மட்டும் இடுப்பளவு கிடக்கும். மேலே மேளத்தோல் போல விறைப்பு, அடியில் பிடிப்பே இருக்காது. காலடியில் 'வும்ப்' என்று அமுங்கும் சத்தமோ, ஓடும் விரிசலோ, பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடமோ தெரிந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

30 முதல் 45 டிகிரி சரிவுகள்தான் பெரும்பாலும் சரியும். கோணத்தைப் போனிலேயே அளக்கலாம். நீங்கள் நிற்பது சமதளமே ஆனாலும், தலைக்கு மேல் அப்படியொரு சரிவு இருந்தால் அங்கே டீ குடிக்க உட்காராதீர்கள்!

கிளம்பும் முன், மத்திய அரசின் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டிஆர்டிஓவின் டிஜிஆர்இ ஆய்வகம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள்.