60 டிகிரியில் காலம் ஓட்டுவது

எங்கள் லேபில் "காலம் போச்சு" என்று யாராவது கத்தினால் மணியைப் பார்க்க மாட்டோம், எச்.பி.எல்.சி. ஓவனைத்தான் திறப்போம். எச்.பி.எல்.சி. என்பது கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்து அளக்கும் கருவி. காலம் (column) என்பது அதில் பிரிக்கிற வேலையைச் செய்யும், துகள் அடைத்த குழாய். அதைச் சூடாக வைப்பது ஓவன். சென்னை அம்பத்தூர் பக்கம் க்யூ.சி. (தரப் பரிசோதனை) வேலையில் 18 வருடம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சூடு மட்டுமே காலத்தைக் கொல்வதில்லை, பஃபரோடு, அதாவது பி.எச்.சை (அமில-கார அளவை) நிலையாக வைக்கும் கரைசலோடு, கூட்டுச் சேர்ந்துதான் கொல்கிறது.

சாதாரண சிலிக்கா சி18 காலத்துக்கு (சிலிக்கா துகளில் 18 கார்பன் சங்கிலியை ஒட்டியது) அதிகபட்சம் 60 டிகிரி என்று போட்டிருப்பார்கள். அதை எல்லா பி.எச்.சுக்கும் பொருந்துகிற வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பி.எச். 2-க்குக் கீழே போனால் சி18 சங்கிலி சிலிக்காவிலிருந்து அறுந்து கழுவிக்கொண்டு போகும். ரிட்டென்ஷன், அதாவது பொருள் காலத்தில் தங்கும் நேரம், நாளுக்கு நாள் குறையும். 8-க்கு மேலே போனால் சிலிக்காவே கரையும். இரண்டையும் சூடு வேகப்படுத்தும். ஏமாற்றுவது நடுவில் இருக்கும் பாஸ்பேட் பஃபர்தான். பி.எச். 7-இல் சாதுவாகத் தெரியும், சூட்டில் சிலிக்காவைத் தின்னும். அங்கே நான் 40-ஐத் தாண்ட மாட்டேன். தாண்டியே ஆகவேண்டும் என்றால் ட்ரிஸ் அல்லது சிட்ரேட் பஃபர். அவை சிலிக்காவிடம் கொஞ்சம் மென்மையாக நடந்துகொள்ளும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு மே மாத ராத்திரி, பாஸ்பேட் பி.எச். 7.2, 55 டிகிரி, சாம்பிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் நீளமான சீக்வென்ஸ். கரண்ட் போய் வந்தது. பழைய தனி ஹீட்டர் தானாக எழுந்துகொண்டது, பம்ப் எழவில்லை. காலையில் வந்து பார்த்தால், ஓட்டமே இல்லாத பஃபரில் காலம் ராத்திரி முழுக்க வெந்திருக்கிறது. மெயின் பீக் (வரைபடத்தில் முக்கியப் பொருள் காட்டும் முகடு) இரண்டாகப் பிளந்து வந்தது. முகப்பைக் கழற்றினால் சிலிக்கா இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து பம்ப் நின்றால் ஹீட்டரும் நிற்கிற மாதிரிதான் இணைப்பு.

ஓட்டும் முறை இது. முதலில் ஃப்ளோ, அப்புறம் சூடு. நிமிடத்துக்கு 0.2 மில்லிலிட்டரில் தொடங்கி, சூடு ஏற ஏற ஃப்ளோவைக் கூட்டுங்கள். 25 டிகிரியில் 0.89 மில்லிபாஸ்கல்-செகண்டாக இருக்கும் தண்ணீரின் பிசுபிசுப்பு 60-இல் 0.47 ஆகிவிடும், அதனால் பிரஷர் கிட்டத்தட்ட பாதியாகும். அதைப் பார்த்து லீக் என்று பயப்படவும் வேண்டாம், ஆசைப்பட்டு ஃப்ளோவை ஏற்றவும் வேண்டாம். மொபைல் பேஸ் (பம்ப் தள்ளும் திரவம்) சூடாகித்தான் காலத்துக்குள் நுழைய வேண்டும். குளிர்ந்த திரவம் சூடான காலத்தில் புகுந்தால் பீக் கோணும்.

முடிக்கும்போது தலைகீழ் வரிசை. ஓவனை இறக்குங்கள், ஃப்ளோ போய்க்கொண்டே இருக்கட்டும். ஆறிய பிறகு 10 சதவீத அசிட்டோநைட்ரைல் கலந்த தண்ணீரால் பஃபரை வெளியேற்றி, அப்புறம் 70 சதவீத அசிட்டோநைட்ரைலுக்குப் போங்கள். அவசரத்தில் நேராகப் போனால் பாஸ்பேட் உப்பாக உறைந்து அடைக்கும்.

80, 90 டிகிரி வேண்டுமென்றால் சாதாரண சி18-ஐ வதைக்காதீர்கள். குறைந்த பி.எச்.சுக்கு ஸ்டேபிள்பாண்ட் மாதிரி, பருத்த பக்கச்சங்கிலிகள் பிணைப்பைக் காக்கும் காலங்கள் இருக்கின்றன. 100-க்கும் மேலே என்றால் சிர்க்கோனியா, பாலிமர், கிராஃபைட் கார்பன்.

நம்ம ஊருக்கென்று ஒன்று. மெத்தடில் (சோதனை செய்முறையில்) காலத்தின் சூட்டை "ரூம் டெம்பரேச்சர்" என்று எழுதாதீர்கள். ஏ.சி. நின்ற மே மதியத்தில் அது 36, டிசம்பரில் 25. ஒரு டிகிரிக்கு ரிட்டென்ஷன் 1 முதல் 2 சதவீதம் நகரும். 40 என்று போட்டுவிடுங்கள். லாக் புக்கில் எத்தனை இன்ஜெக்ஷன் என்பதோடு, எந்த பஃபரில், எத்தனை டிகிரியில் என்றும் எழுதி வையுங்கள்.